பழக்க வேண்டியது வீட்டுக்கு வருகிறவர்களை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன ஞாயிறு உங்கள் இணைப்பிதழில் ஒரு படம் போட்டிருந்தீர்கள். சின்னப் பெண் ஒருத்தி பூனைக்குட்டியை அக்குளில் பிடித்துத் தூக்கி வைத்திருக்கிறாள், அதன் பின்னங்கால் இரண்டும் அந்தரத்தில் தொங்குகின்றன. பக்கத்திலேயே ஒரு குறிப்பு: குட்டி கூச்சப்பட்டால் வீட்டுக்கு வருகிற எல்லோர் கையிலும் கொடுங்கள், பத்து நாளில் சரியாகிவிடும் என்று. அடுத்த வாரம் நவராத்திரி தொடங்குகிறது, கொலு வைக்கிற வீடுகளில் எல்லாம் ஒன்பது நாளும் ஆள் வந்துகொண்டே இருக்கும். அந்தக் குறிப்பை நம்பி யாராவது செய்து பார்ப்பதற்குள் எழுதிவிட வேண்டும் என்றுதான் உட்கார்ந்தேன், ஏனென்றால் போன வருடம் நான் அதையேதான் செய்தேன்.

எங்கள் வீடு உறையூரில். போன வருடம் ஆடிப்பெருக்கு அன்று அம்மா மண்டபத்துக்குப் போய்விட்டுத் திரும்பும்போது, நின்றிருந்த ஆட்டோவுக்கு அடியில் கத்திக்கொண்டிருந்த குட்டியை என் மகள் துப்பட்டாவில் சுற்றி எடுத்து வந்துவிட்டாள். அன்றைக்குக் கிடைத்ததால் காவேரி என்று பெயர். தடுப்பூசிக்குக் கொண்டுபோன இடத்தில் டாக்டர் எடை போட்டுப் பார்த்து, ஒரு கிலோ நூறு கிராம், இரண்டரை மாதம் இருக்கும், அப்புறம் இது பையன் என்றார். பெயரை மாற்ற மகள் ஒப்பவில்லை. அதனால் அவன் காவேரிதான்.

வீட்டில் இருக்கிற மூன்று பேரிடமும் ஒரே வாரத்தில் ஒட்டிக்கொண்டான். வாசலில் வேறு செருப்புச் சத்தம் கேட்டால் மட்டும் ஆளைக் காணோம். எனக்கு அது மரியாதைக் குறைவாகப் பட்டது, என்ன சொல்ல. வந்தவர்கள் "எங்கே உங்க பூனை?" என்று கேட்டால் நானே கட்டிலுக்கு அடியிலிருந்து இழுத்து வந்து, "ஒண்ணும் பண்ணாது, தூக்கிக்கோங்க" என்று கையில் கொடுப்பேன். அவன் விறைத்துப்போய் அசையாமல் கிடப்பான். பாருங்கள், எவ்வளவு சாது என்று பெருமை வேறு. சில சமயம் உர்ரென்று தொண்டைக்குள் சத்தம் கேட்கும், சுகமாக இருக்கிறான் என்று நினைத்துக்கொள்வோம். பயந்தாலும் வலித்தாலும்கூடப் பூனை அப்படிச் சத்தம் போடும் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

நவராத்திரி மூன்றாம் நாள் சாயங்காலம். கூடத்தில் ஏழெட்டுப் பெண்கள், குழந்தைகள், ஒருத்தர் பாட ஆரம்பித்திருந்தார். காவேரி கொலுப்படிக்கு அடியில் வேட்டி மறைவில் புகுந்துகொண்டான். வந்திருந்த பையன் ஒருவன், ஏழு வயது இருக்கும், பூனை எங்கே என்று கேட்டான். நான் தாம்பூலத் தட்டில் கண்ணை வைத்துக்கொண்டே "படிக்குக் கீழேதான் இருக்கான், எடுத்துக்கோ கண்ணா" என்றேன். அவன் பின்னங்காலைப் பிடித்து இழுத்திருக்கிறான். முழங்கை வரை நாலு கீறல். காவேரி படி வழியாகவே மேலே ஏறி ஓடியதில் செட்டிச்சி பொம்மைக்குக் கை போயிற்று, கடைச் சாமான் எல்லாம் தரையில்.

பொம்மை கிடக்கட்டும். பையன் கையைக் குழாயடியில் சோப்புப் போட்டுக் கால் மணி நேரம் கழுவி, உடனே பக்கத்தில் இருந்த அரசு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனோம். மேலோட்டமான கீறல், ரத்தம் வரவில்லை. வந்திருந்தால் இன்னொரு மருந்தும் காயத்தைச் சுற்றிப் போட வேண்டியிருக்கும் என்றார்கள். பூனைக்கு ரேபிஸ் ஊசி போட்டாயிற்று என்று சொல்லிப் பார்த்தேன், இருந்தாலும் குழந்தைக்குப் போட்டுவிடுவதுதான் சரி என்றுவிட்டார் டாக்டர். ஊசி இலவசம். ஆனால் அன்றைக்கு ஒன்று, அப்புறம் 3, 7, 28ஆம் நாட்களில் என்று நாலு தடவை அந்தப் பிள்ளை போக வேண்டியிருந்தது. அவன் அம்மா என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் பரவாயில்லை என்று இருந்தது.

காவேரி வாஷிங் மிஷினுக்குப் பின்னால் போய் உட்கார்ந்தவன் மறுநாளும் வரவில்லை. என் நாத்தனார் மகள் நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியில் படிக்கிறாள், அவளுக்குப் போன் போட்டேன். சாப்பிட்டானா என்றுகூட அவள் கேட்கவில்லை, "ஒண்ணுக்குப் போனானா அத்தை?" என்பதுதான் முதல் கேள்வி. ஆண் பூனைக்குப் பயத்தாலும் மன அழுத்தத்தாலும்கூட நீர்த்தாரை அடைத்துக்கொள்ளலாம், ஒரு நாள் போகவில்லை என்றால் விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது, உயிருக்கே ஆபத்து என்றாள். நல்லவேளை அன்று இரவு போய்விட்டான், என் வீட்டுக்காரர் மெத்தையில். அவ்வளவு சந்தோஷமாக நாங்கள் மெத்தை துவைத்ததே இல்லை.

அவள் சொல்லித்தான் விஷயம் புரிந்தது. பூனைக்குட்டி மனிதர்களைச் சொந்தமாக ஏற்றுக்கொள்கிற பருவம் மிகவும் குறுகியதாம், பிறந்து இரண்டாவது வாரத்திலிருந்து ஏழாவது வாரம் வரை. அமெரிக்காவில் டெம்பிள் பல்கலைக்கழகத்தில் ஐலீன் கார்ஷ் என்பவர் 1980களில் இதை ஆராய்ந்திருக்கிறார். அதற்கும் முன்னால், 1967இல், ஒரே ஆள் தூக்கி வளர்த்த குட்டிகளையும் ஐந்து பேர் தூக்கி வளர்த்த குட்டிகளையும் ஒப்பிட்டுப் பார்த்திருக்கிறார்கள். ஐந்து பேர் கையில் வளர்ந்தவை புது ஆளைக் கண்டு குறைவாகத்தான் பயந்தன. உங்கள் குறிப்பு இங்கிருந்துதான் வந்திருக்க வேண்டும், ஆசிரியர் ஐயா. ஆனால் அது பால் குடிக்கிற வயதுக் குட்டிக்கான பேச்சு. தெருவிலிருந்து வருகிற குட்டிகளில் பலவும் எங்களுடையதைப் போல அந்த வயதைத் தாண்டித்தான் வருகின்றன. போதாததற்கு, தைரியம் தகப்பன் வழியாகவும் வருகிறதாம், குட்டி தகப்பனைக் கண்ணால் பார்க்காமலே வளர்ந்தாலும். அம்மா மண்டபத்துப் பக்கம் திரிகிற எந்தக் கடுவனைப் போய் நான் விசாரிப்பது?

"அப்போ இவன் கடைசி வரை இப்படித்தானா?" என்றேன். "அப்படி இல்லை அத்தை, மெதுவா வருவான். யாரும் அவனைப் பார்க்கக் கூடாது, கூப்பிடக் கூடாது, தொடக் கூடாது" என்றாள். இது என்ன வைத்தியம் என்று எனக்குச் சிரிப்பாக இருந்தது. ஆனால் லால்குடியிலிருந்து வருகிற எங்கள் பெரியத்தையை நினைத்தேன். அவருக்குப் பூனை என்றாலே ஆகாது, குறுக்கே போனால் திரும்பி வந்து ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டுத்தான் கிளம்புவார். வீட்டுக்கு வந்த வெளி ஆட்களில் காவேரி தானாகக் கிட்டே போய்க் காலை மோந்து பார்த்தது அவரை மட்டும்தான். அவர் பேப்பரை விரித்துக்கொண்டு அவன் பக்கம் திரும்பாமல் உட்கார்ந்திருந்தார், அவ்வளவுதான் காரணம். பூனை மேல் பிரியமானவர்கள்தான் வந்ததும் வராததுமாக அதன் முகத்துக்கு நேரே குனிந்து, கண்ணைப் பார்த்து, கையை நீட்டிக்கொண்டு வருகிறார்கள். பூனை அதை வேட்டைக்காரன் வருகிற மாதிரிதான் எடுத்துக்கொள்ளும்.

முதலில் அவனுக்கு ஓர் இடம் கொடுத்தோம். படுக்கை அறையில் ஓர் அட்டைப்பெட்டி, உள்ளே போக ஒரு வழி, வெளியே வர ஒரு வழி, பீரோ மேல் ஒரு பழைய துண்டு. அங்கே இருக்கும்போது வீட்டு ஆட்களே தொடக் கூடாது என்று சட்டம். பூனையை ஒளியவிட்டால் ஒளிந்தே பழகிவிடும் என்று என் வீட்டுக்காரர் சொல்லிக்கொண்டே இருந்தார். நடந்தது நேர்மாறு, ஓடி ஒளிய இடம் உண்டு என்று தெரிந்த பிறகுதான் எட்டிப் பார்க்கவே ஆரம்பித்தான்.

அடுத்தது காலிங் பெல். அவன் பயத்தில் பாதி அந்தச் சத்தம்தான். மகள் அதைப் போனில் பதிவு செய்து, காதில் விழுந்தும் விழாத அளவுக்கு மெதுவாகப் போட்டு, ஒவ்வொரு தடவையும் உப்பு, வெங்காயம், பூண்டு எதுவும் சேர்க்காத வேகவைத்த கோழித் துணுக்கு ஒன்றைக் கொடுத்தாள் (வெங்காயமும் பூண்டும் பூனைக்கு விஷம், வருகிறவர்கள் அன்பாக நீட்டுகிற வடையிலும் அது இருக்கும்). நாளைக்கு ஐந்தாறு தடவை, சத்தத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டி, மூன்று வாரம் ஆயிற்று. இப்போது பெல் அடித்தால் அவன் வாசலைப் பார்ப்பதில்லை, சமையலறையைப் பார்க்கிறான்.

அப்புறம்தான் ஆள். மகளின் சிநேகிதி ஒருத்தி சேர்ந்து படிக்க வருவாள், அதிர்ந்து பேசாத பெண், அவளிடமிருந்து ஆரம்பித்தோம். வருவாள், பக்கவாட்டில் திரும்பித் தரையில் உட்காருவாள், நோட்டைத் திறந்துவிடுவாள். அவன் அறை வாசலில் தலை காட்டினால் ஒரு துணுக்கை அவனுக்குப் பின்னால் விழுகிற மாதிரி வீசுவாள். இதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. கையில் வைத்து நீட்டினால் பசிக்காகக் கிட்டே வந்துவிட்டு, வந்த பிறகு பயந்துபோகும். பின்னால் போட்டால் நகர்ந்துபோய் நிம்மதியாகத் தின்றுவிட்டு, அதுவாக மறுபடி வரும். இரண்டாவது வாரம் மேஜைக்கு அடியில் வந்து படுத்தான். ஆறாவது வாரம் அவள் பைக்குள் தலையை விட்டான். அன்றைக்கும் அவள் தொடவில்லை, ஒரு விரலை மட்டும் அவன் மூக்கு உயரத்துக்கு நீட்டினாள், அவனே வந்து கன்னத்தைத் தேய்த்தான்.

கண் விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். பூனை கண்ணை மூடிக்கொண்டால் பூலோகமே இருண்டுவிட்டதாக நினைக்குமாம் என்று அதைக் கேலி செய்தே வளர்ந்தவர்கள் நாம். 2020இல் இங்கிலாந்தில் சசெக்ஸ் பல்கலைக்கழகத்தில் கேரன் மெக்கோம்ப் குழுவினர் சோதித்துப் பார்த்ததில், புது ஆள் பூனையைப் பார்த்துக் கண்ணைச் சுருக்கி மெதுவாக மூடித் திறந்தால், சும்மா முகத்தை வைத்துக்கொண்டிருப்பதைவிட அவர் நீட்டிய கையை நோக்கிப் பூனை அதிகமாக வந்திருக்கிறது. எங்கள் வீட்டில் தவறாமல் பலிக்கிறது. முறைப்பதுதான் அதற்கு ஆகாது.

தொடவிட்டால் கன்னம், தாடை, காதோரம், அதோடு சரி. மூன்று தடவை தடவிவிட்டுக் கையை எடுங்கள், வேண்டுமென்றால் அவனே முட்டுவான். மல்லாந்து படுத்து வயிற்றைக் காட்டினால் அங்கே தடவச் சொல்கிறான் என்று அர்த்தம் இல்லை. வால் தரையில் பட் பட்டென்று அடித்தாலோ, காது பக்கவாட்டில் மடங்கினாலோ, முதுகுத்தோல் சிலிர்த்து ஓடினாலோ கையை எடுத்துவிட வேண்டும். அம்மா பூனை தூக்குகிற மாதிரி கழுத்துத் தோலைப் பிடித்துத் தூக்குகிறவர்கள் வேறு இருக்கிறார்கள், வளர்ந்த பூனையை அப்படிச் செய்யவே கூடாது.

எல்லோரிடமும் பழகிவிட்டானா என்றால் இல்லை. என் வீட்டுக்காரரின் நண்பர் ஒருவர், நல்ல மனிதர், வாசலிலேயே குரல் கொடுத்துக்கொண்டு வருவார், அவர் வந்தால் இன்றைக்கும் பீரோ மேல்தான். சிலிண்டர் போட வருகிறவரிடம் பழக்கப் பார்க்கவே இல்லை. அந்த உருட்டுகிற சத்தத்துக்கு எனக்கே திக்கென்கிறது, அவர் வருகிற நேரம் காவேரி அறைக்குள், கதவு சாத்தியிருக்கும். இதில் எனக்கு வெட்கம் ஒன்றும் இல்லை.

இந்த வருடக் கொலுவுக்கு ஏற்பாடு செய்துவிட்டோம். சாயங்காலம் ஐந்து மணிக்கே தண்ணீர், மணல் தட்டு, பெட்டியோடு அவன் அறைக்குள் போய்விடுவான். நவராத்திரியில் வீட்டில் கவுச்சி கிடையாது என்பதால் பாக்கெட் தீவனம் வாங்கி வைத்தாயிற்று. அறைக் கதவில் மகள் ஒரு தாளில் "பூனை தூங்குகிறது" என்று எழுதி ஒட்டியிருக்கிறாள். கூட்டம் குறைந்து ஓரிருவர் மட்டும் இருக்கும்போது கதவைத் திறந்துவைப்போம், வந்தால் வரட்டும். தெருக்கதவைச் சாத்திவிட்டு உள்ளே வரும்படி எல்லோரிடமும் கேட்டுக்கொள்கிறோம், செருப்பைக் கழற்றிவிட்டுக் கதவை ஒருக்களித்து வைத்தபடி நின்று பேசுகிற அந்த இரண்டு நிமிடத்தில் மிரண்ட பூனை தெருவுக்குப் பாய்ந்துவிடும்.

போன வருடப் பையனையும் அழைத்திருக்கிறேன். வருவதாக அவன் அம்மா சொன்னார். படி ஏறுகிற வழியில் போன வாரம் என்னைப் பார்த்தபோது அவன் கேட்டது ஒன்றுதான்: "ஆன்ட்டி, காவேரிக்கு என் மேல இன்னும் கோபமா?"

அந்தக் குறிப்புக்கு ஒரு திருத்தம் போடுங்கள், முடிந்தால் நவராத்திரிக்கு முன்னால்.

இப்படிக்கு,
உங்கள் நெடுநாள் வாசகி,
உறையூர், திருச்சி.