நனைந்த பவர் பேங்க்கை மறுபடி சார்ஜில் போடாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பாம்பன், மண்டபம், தொண்டி பக்கம் பவர் பேங்க் இல்லாமல் கடலுக்குப் போகிறவர்கள் இப்போது குறைவு. வாங்கும்போது பெரும்பாலோர் பார்ப்பது அட்டையில் போட்டிருக்கும் எம்ஏஎச் எண்ணையும் (எவ்வளவு சார்ஜ் தாங்கும் என்ற அளவு) விலையையும்தான். அது போதாது.

முதலில் எடை பாருங்கள். உள்ளே இருக்கும் 18650 என்ற உருளை வடிவ லித்தியம் பேட்டரி செல் ஒன்று 45 முதல் 50 கிராம் இருக்கும். தரமான செல்லே 3,500 எம்ஏஎச் அளவுக்குத்தான் தாங்கும். அட்டையில் 20,000 எம்ஏஎச் என்று எழுத ஆறு செல்லாவது வேண்டும். செல்லே 270 கிராம் ஆகிவிடும். தட்டையான பாலிமர் செல் போட்டாலும் கணக்கு பெரிதாக மாறாது. மளிகைக் கடைத் தராசில் 250 கிராமுக்குக் கீழே நின்றால் அட்டையில் இருப்பது பொய். எடை சரியாக இருந்தாலும் உடனே நம்ப முடியாது. கனத்துக்காக மணல் நிரப்பிய டப்பாக்களும் உண்டு. பி.ஐ.எஸ். (இந்தியத் தர நிர்ணய அமைப்பு) முத்திரையும், கூடவே ஆர் என்று தொடங்கும் எட்டு இலக்கப் பதிவு எண்ணும் இருக்க வேண்டும். அந்த எண்ணை பி.ஐ.எஸ். கேர் செயலியில் அடித்தால் தயாரிப்பாளர் பெயர் வரும். வேறு பெயரோ வேறு பொருளோ வந்தால் கடைக்காரரிடமே திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

10,000 எம்ஏஎச் வாங்கியதில் 6,000 சொச்சம்தான் போனுக்கு ஏறுகிறது என்பது மட்டும் ஏமாற்று இல்லை. அந்த எண் செல்லின் 3.7 வோல்ட்டுக்கு உரியது. 5 வோல்ட்டாக மாற்றும்போது குறையத்தான் செய்யும்.

நம் கரையில் பெரிய ஆபத்து உப்புத்தண்ணீர்தான். யூ.எஸ்.பி. வாயில் ஒரு சொட்டு இறங்கினாலும் முனைகளுக்கு இடையே மின்கசிவு ஓடி, செம்பு பச்சை பூத்துவிடும். வெயிலில் காயவைத்தாலும் அரிசிக்குள் புதைத்தாலும் தண்ணீர்தான் போகும், உப்பு உள்ளேயே தங்கும். அடுத்த ஈரக்காற்றில் அந்த உப்பே ஈரத்தை இழுத்து மறுபடி அரிக்கும். செல் 4.2 வோல்ட்டுக்கு மேல் ஏறாமல் காப்பது உள்ளே இருக்கும் சின்ன மின்சுற்றுப் பலகை. அது அரித்துப்போனால் செல் சூடாகி, வீங்கி, தீப்பிடிக்கலாம். ஆகவே கடலில் விழுந்தது வேலை செய்தாலும் சார்ஜில் போடவே கூடாது. ராமேசுவரத்தில் தீர்த்தமாட வருகிறவர்களும் ஈரத்துணிப் பையில் இதைத் திணிக்க வேண்டாம்.

படகில் மூடி இறுகிய டப்பாவில் வையுங்கள். டீசல் கேன், எஞ்சின், நைலான் வலை பக்கம் வேண்டாம். வெயிலில் சூடேறியதை ஆறவிடாமல் சார்ஜ் ஏற்றக்கூடாது. புகை வந்தால் காற்று வரும் பக்கம் நின்று, கடல்நீரே ஆனாலும் நிறைய ஊற்றுங்கள். அடங்கியது மறுபடி பற்றும், அதனால் ஊற்றுவதை நிறுத்தக்கூடாது. அந்தப் புகை விஷம்.

ஏப்ரல் 15 முதல் 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் சும்மா கிடக்கும் பவர் பேங்க்கில் பாதி சார்ஜ் இருக்கட்டும். காலியாகக் கிடந்தால் செல் மிகவும் இறங்கி, உள்ளே செம்பு கரைந்து, பிறகு ஏற்றும்போது ஷார்ட் ஆகலாம்.

வீங்கியதைக் கடலிலோ குப்பையிலோ எறிகிறார்கள். பழைய பேட்டரியைத் திரும்பப் பெறும் பொறுப்பு தயாரிப்பாளருக்கு உண்டு என்கிறது 2022 பேட்டரிக் கழிவு விதி. ஆனால் கொண்டுபோய்க் கொடுக்க இங்கே இடம் வேண்டுமே. கடலுக்குப் போக மீன்வளத் துறை டோக்கன் கொடுக்கும் இடங்களில் மணல் போட்ட இரும்பு வாளி ஒன்று வைத்து, யூ.எஸ்.பி. வாயை டேப் ஒட்டி அடைத்த பழையவற்றை வாங்கிக்கொள்ள மாவட்ட நிர்வாகம் ஏற்பாடு செய்ய வேண்டும்.

கைபேசி பழுது நீக்கும் தொழிலாளி,
பாம்பன்