நீல முக்காடு போட்ட அக்காவுக்கு நன்றி

தைப்பூசத்தன்று அம்மா பால்குடம் எடுத்தார். சிங்கப்பூரில் சிராங்கூன் சாலை ஸ்ரீ ஸ்ரீநிவாசப் பெருமாள் கோயிலிலிருந்து டேங்க் ரோடு தெண்டாயுதபாணி கோயில்வரை 3 கிலோமீட்டருக்கு மேல் நடை. சிலிகி ரோட்டில் அவருக்குத் தலை சுற்றியது. குடத்தை இறக்கிவிடலாம் என்று நான் பதறினேன்.

ஓரமாக நின்றிருந்த நீங்கள் ஓடி வந்தீர்கள். “இறக்காதீங்கம்மா, நான் பிடிச்சுக்கிறேன். வேண்டுதல் யாரோடதா இருந்தாலும் பாதியில நிக்கக் கூடாதுன்னு எங்க அத்தா சொல்வாங்க” என்றீர்கள். வேறு மார்க்கம், ஆனாலும் அம்மாவின் மனசு உங்களுக்குத்தான் முதலில் புரிந்தது. எனக்குக்கூட இல்லை.

கோயில் வாசல்வரை அம்மாவின் கையை விடவில்லை. அப்புறம் கூட்டத்தில் உங்களைக் காணோம். பெயர்கூடக் கேட்கவில்லையே! அம்மா தினமும் உங்களைப் பற்றித்தான் பேசுகிறார். ரொம்ப நன்றி அக்கா.