கீழ்வீட்டுத் தாத்தாவுக்கும் உங்கள் எல்லோருக்கும்

எல்லோருக்கும் வணக்கம்.

என் வீட்டுக்காரருக்குப் பக்கவாதம் வந்ததையெல்லாம் மறுபடியும் எழுத எனக்குத் தெம்பில்லை, உங்களுக்குத் தெரியாததும் இல்லை. போன வாரம் இவர் யார் கையையும் பிடிக்காமல் மாடிப்படி இறங்கினார். இனி மூன்று மாதத்துக்கு ஒருமுறை வந்து காட்டினால் போதும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அதைக் கேட்டுவிட்டுக் காரில் உட்கார்ந்து ஒரு பாட்டம் அழுது தீர்த்தேன். மனசு பழையபடி கல்லாகிவிடுவதற்குள் நன்றி சொல்லிவிட வேண்டும் என்றுதான் எழுத உட்கார்ந்தேன்.

உங்களுக்கெல்லாம் பின்னால் வருகிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். முதலில் சொல்ல வேண்டியது எங்கள் கீழ்வீட்டுத் தாத்தாவைப் பற்றி. தபால் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற அமெரிக்கர். நியூ ஜெர்சியில் இந்த எடிசன் ஊருக்குக் குடிவந்த நாளிலிருந்து அவருக்கும் எங்களுக்கும் பார்க்கிங் தகராறு தவிர வேறு பேச்சுவார்த்தை கிடையாது. 'தாத்தா' என்பதுகூடப் பிள்ளைகள் வைத்த பேர். அவருக்குத் தெரியாது.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு இவருக்குச் சத்தம் ஆகவில்லை. குக்கர் விசில் அடித்தால் முகம் சுருங்கும். மிக்ஸியைப் பாத்ரூமில் கொண்டுபோய் வைத்து ஓட்டினேன். பாட்டு போடட்டுமா என்றால் கையை அசைத்து வேண்டாம் என்பார். இளையராஜாவே வேண்டாம் என்று ஒருவர் சொன்னால் நம் வீடுகளில் நிலைமை முற்றிவிட்டது என்று அர்த்தம். காரணம் மெதுவாகத்தான் புரிந்தது. பாட்டில் வார்த்தை வந்தால் அதன் பின்னாலேயே போகப் பார்ப்பார். பிடிபடாது. கோபம் வரும், அப்புறம் கண்ணில் தண்ணீர் வரும். சரி, ஒன்றுமே வேண்டாம் என்று விட்டால், ராத்திரி அந்த அமைதியிலும் தூக்கம் வராது. நானும் கூடவே விழித்துக்கொண்டு இந்த அறைக்கும் அந்த அறைக்குமாக நடப்பேன். மரத்தரை. கீழே கேட்டிருக்கிறது.

ஒரு நாள் சாயங்காலம் தாத்தா கதவைத் தட்டினார். நடக்கிற சத்தத்துக்குச் சண்டை போடத்தான் வருகிறார் என்று நினைத்தேன். கையில் ஒரு பழைய சிடி பிளேயர். 'எப்படி இருக்கிறார்?' என்று கேட்கவில்லை. அந்த மாதத்தில் அதைக் கேட்காமல் எங்கள் வீட்டுக்குள் காலெடுத்து வைத்த ஒரே ஆள் அவர்தான். நேராகப் படுக்கையறைக்குப் போனார், இவரைப் பார்த்துத் தலையை ஆட்டினார், கட்டில் கால்மாட்டில் தரையிலேயே பிளேயரை வைத்தார். மேசை மேல் வைத்தால் அதிருமாம். ஓடவிட்டு, காதைச் சாய்த்துச் சாய்த்துக் கேட்டுக்கொண்டே சத்தத்தைக் குறைத்தார். எனக்குக் கிட்டத்தட்ட ஒன்றுமே கேட்காத ஓர் இடம் வந்ததும் நிறுத்தி, சட்டைப்பையிலிருந்து பிளாஸ்திரியை எடுத்துக் குமிழுக்குப் பக்கத்தில் ஒட்டி, பேனாவால் ஒரு கோடு போட்டார்.

"இந்தக் கோட்டைத் தாண்டக் கூடாது. டிரம்ஸ் கிடையாது, பாடறவங்க கிடையாது. ரெண்டே பேர்தான்." அவ்வளவுதான், போய்விட்டார்.

பியானோ வாசிப்பவர் கீத் ஜாரெட், டபுள் பேஸ் என்கிற ஆளுயரத் தந்தி வாத்தியம் சார்லி ஹேடன். ஆல்பத்தின் பேர் 'ஜாஸ்மின்'. ஜாஸ் என்றால் எனக்குத் தெரிந்தது ஹோட்டல் லாபியில் ஓடுவது மட்டும்தான். இது வேறு. பியானோ ஒரு வரியைப் பாடுகிற மாதிரி வாசித்துவிட்டு நிற்கிறது. அவசரமே இல்லை. நிற்கிற இடத்தில் பேஸ் ஒரே ஒரு சுரம் வைக்கிறது, சில சமயம் அதுவும் வைப்பதில்லை. பந்தியில் இலையைப் பார்த்துக்கொண்டே வந்து, கேட்காமலே சரியான நேரத்தில் ரசம் ஊற்றுகிறவர்கள் இருப்பார்களே, ஹேடன் அந்த ரகம். பெரும்பாலும் பழைய காதல் பாட்டுகளின் மெட்டுகள். ஆனால் வார்த்தை இல்லாததால் இவர் எதன் பின்னாலும் ஓட வேண்டியிருக்கவில்லை. முதல் ராத்திரி மூன்றாவது உருப்படி முடிவதற்குள் தூங்கிவிட்டார். நான் தரையில் பிளேயர் பக்கத்தில் உட்கார்ந்து கடைசி வரை கேட்டேன். எட்டு உருப்படி, ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல். கச்சேரி அரங்கின் எதிரொலி எதுவும் இல்லை. பக்கத்து அறையில் யாரோ தங்களுக்காக வாசித்துக்கொள்வதை ஒட்டுக்கேட்பது மாதிரி இருந்தது.

மறுநாள் குப்பை போட இறங்கினபோது தாத்தா கேட்டது இது: "எந்தப் பாட்டு வரைக்கும்?" மூன்று என்றேன். தலையாட்டினார். அதற்குப் பிறகு பார்க்கும்போதெல்லாம் அதே கேள்விதான். ஒரு நாள் "ரெண்டு" என்றதும் மருந்து மாற்றினார்களா என்று கேட்டார். மாற்றித்தான் இருந்தார்கள்! இவர் கொஞ்சம் கொஞ்சமாகத் தேறி, ஒரு ராத்திரி முழு ஆல்பத்தையும் விழித்திருந்து கேட்டுவிட்டு, "அந்தப் பேஸ்காரர் யாரு?" என்று முழு வாக்கியமாகக் கேட்டார். மறுநாள் காலை நான் தாத்தாவிடம் "எட்டும்" என்றேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. அன்றைக்கு அவர் காரைத் தள்ளி நிறுத்தியிருந்தார்.

அந்தப் பேஸ்காரரைப் பற்றி இவருக்குப் படித்துச் சொல்வதற்காகத் தேடினேன். ஹேடன் 1937-ல் அயோவாவில் பிறந்தவர். நடக்கப் பழகும் வயதிலேயே குடும்பத்தோடு ரேடியோவில் பாடிய பிள்ளை. 15 வயதில் போலியோ வந்து தொண்டையைத் தாக்கிவிட்டது, பாட முடியாமல் போனது. அதற்குப் பிறகுதான் பேஸ். ஜாரெட்டும் அவரும் எழுபதுகளில் ஒரே குழுவில் வாசித்தவர்கள். 1976-ல் அந்தக் குழு கலைந்தது. முப்பது வருஷம் கழித்து, ஹேடனைப் பற்றிய ஓர் ஆவணப்படத்துக்காக ஜாரெட்டைப் பேட்டி எடுக்கப் போன இடத்தில் இருவரும் மறுபடி சேர்ந்து வாசித்துப் பார்த்திருக்கிறார்கள். அதன் தொடர்ச்சியாக 2007-ல் ஜாரெட்டின் வீட்டிலேயே இருக்கிற சின்ன ஸ்டுடியோவில், நாங்கள் இருக்கும் இதே நியூ ஜெர்சியில், பதிவு செய்தது இது. மூன்று வருஷம் கழித்து, 2010-ல்தான் வெளியிட்டார்கள். அதே பதிவிலிருந்து இரண்டாவது ஆல்பம் 2014-ல் வந்தது. அடுத்த மாதமே ஹேடன் போய்விட்டார்.

தேடும்போது இன்னொன்றும் கண்ணில் பட்டது. 2018-ல் ஜாரெட்டுக்கே இரண்டு முறை பக்கவாதம் வந்திருக்கிறது. இடது கை பழையபடி திரும்பவில்லை. எனக்குப் பகீரென்றது. இவரிடம் சொல்லவில்லை, சிடி அட்டையைக்கூட அலமாரியில் எடுத்து வைத்தேன். ஒரு நாள் பிசியோதெரபி பந்தை இடது கையில் வைத்து அழுத்திக்கொண்டே இவராகவே சொன்னார்: "ஜாரெட்டுக்கும் இந்தக் கைதான், தெரியுமா? தாத்தா சொன்னார்." நான் துணி உலர்த்தப் போன நேரத்தில் இரண்டு பேரும் பேசியிருக்கிறார்கள். "அதுக்கு என்ன? வாசிச்சது வாசிச்சதுதானே" என்று பந்தைத் தரையில் உருட்டிவிட்டார். பிடிக்கப் பிடிக்க அது கட்டிலுக்கு அடியில் ஓடியது. ரொம்ப நாளுக்குப் பிறகு இரண்டு பேரும் சிரித்தோம்.

தாத்தாவுக்கு ஏன் அந்த ஆல்பம், யாருக்காக அந்தக் கோட்டைப் போடப் பழகினார் என்றெல்லாம் நான் கேட்கவில்லை. அவர் எங்களைக் கேட்காதபோது நான் அவரைக் கேட்பது முறையில்லை. இந்த மடலை ஆங்கிலத்தில் எழுதினால் அவருக்குப் பிடிக்காது, கதவைச் சாத்திக்கொள்வார். அதனால் நமக்குள் இருக்கட்டும். வருகிற பனிக்காலத்தில் அவர் வாசல் பனியை நாங்கள்தான் தள்ளப் போகிறோம், இது முடிவு. நோயாளி இருக்கிற வீட்டுக்கு இனிமேல் போனால், எப்படி ஆச்சு, எப்போ ஆச்சு என்று வாசலிலேயே விசாரணை வைக்க மாட்டேன். இதையும் எழுதிவிட்டேன், மீறினால் என்னைப் பிடித்துக் கேளுங்கள்.

இனி நீங்கள். பிள்ளைகளைப் பள்ளிக்கூடம் கொண்டுபோய் விட்ட அண்ணன்கள், ஆஸ்பத்திரியில் முறை வைத்துத் துணைக்கு இருந்த தம்பிகள், இன்ஷூரன்ஸ் பேப்பர்களோடு மல்லுக்கட்டிய அக்கா, ஊரிலிருந்து அம்மாவை விமானம் ஏற்றிவிட்ட மச்சான், பிரிட்ஜ்வாட்டர் பெருமாள் கோவிலில் இவர் பேருக்கு அர்ச்சனை செய்த எல்லோரும், பணம் அனுப்பிவிட்டுப் பேர் போடாமல் விட்டவர்களும். உங்களைத் தனித்தனியாகச் சொல்ல ஆரம்பித்தால் யாராவது விட்டுப்போகும். உங்கள் பிள்ளைகளுக்கு ஒன்று என்றால் நாங்கள் வந்து நிற்போம், நேரம் காலம் பார்க்க வேண்டாம், கூப்பிடுங்கள்.

சாப்பாடு வந்த டப்பாக்கள் எல்லாம் கழுவி ஹாலில் அடுக்கி வைத்திருக்கிறேன். சனிக்கிழமை வந்து எடுத்துக்கொண்டு, காபி குடித்துவிட்டுப் போங்கள். மூடி மாறியிருந்தால் நீங்களே பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள். வண்டியை மட்டும் தெருவில் நிறுத்துங்கள், தாத்தா இடத்தில் வேண்டாம்.