முகத்துக்கு மதிப்பெண் போடும் செயலிகள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

செல்ஃபி ஒன்றைக் கொடுத்தால் முகத்துக்குப் பத்துக்கு இத்தனை என்று மதிப்பெண் போடும் செயலிகளைப் பதின்ம வயதினர் பயன்படுத்துகிறார்கள். இடமும் வலமும் ஒத்திருக்கும் முகமே நோயற்ற உடலின் அடையாளம், அதைத் தேடும்படி பரிணாமம் நம்மைப் பழக்கியிருக்கிறது என்ற விளக்கமும் கூடவே வருகிறது. பிள்ளைகள் அதை அறிவியல் என்றே நம்பிவிடுகிறார்கள்.

சமச்சீரான முகத்துக்கு ஓரளவு ஈர்ப்பு உண்டு, மறுப்பதற்கில்லை. ஆனால் அது ஆரோக்கியத்தைக் காட்டுகிறது என்பதற்கு ஆதாரம் மெலிது. பிரிட்டனில் 15 வயதினர் 4,732 பேரின் முகங்களை முப்பரிமாணத்தில் அளந்து, சிறுவயது நோய் விவரங்களோடு ஒப்பிட்ட ஆய்வு 2014ல் வெளிவந்தது. இரண்டுக்கும் தொடர்பு தென்படவில்லை.

அளவே பிழையானால் மதிப்பெண்ணுக்கு என்ன பொருள்? கேமராவை 30 செ.மீ. தூரத்தில் பிடித்தால், கன்ன எலும்பைவிட மூக்கு லென்சுக்கு நெருக்கமாக இருப்பதால், முக அகலத்தோடு ஒப்பிடுகையில் மூக்கு சுமார் 30 விழுக்காடு பெருத்துத் தெரியும் என்று 2018ல் கணக்கிட்டிருக்கிறார்கள். 1.5 மீட்டரில் இந்தக் கோளாறு அநேகமாக இல்லை. தலை சற்றே திரும்பினாலும், விளக்கு ஒரு பக்கம் மட்டும் இருந்தாலும் சமச்சீர் கணக்கு குலைந்துவிடும்.

இன்னொரு சிக்கல் பெரியது. 1990ல் டெக்சஸ் ஆய்வாளர்கள் 32 முகங்கள்வரை கலந்து உருவாக்கிய சராசரி முகங்கள், தனி முகங்கள் பெரும்பாலானவற்றைவிட அழகாகத் தோன்றின. யாருடைய முகங்களின் சராசரி என்பதே கேள்வி. அன்றாடம் பார்க்கும் முகங்களுக்கேற்ப நம் கண் தன் சராசரியை மாற்றிக்கொள்ளும். சிங்கப்பூரின் தேக்கா சந்தையிலும் எம்ஆர்டி ரயில் பெட்டியிலும் பலவின முகங்களைக் கண்டு வளரும் பிள்ளையின் மூக்கையும் உதட்டையும், ஓரினத்தின் படங்களில் பழகிய அளவுகோல் குறையாகவே காட்டும். 1.618 என்ற 'தங்க விகிதத்தை' வைத்து, அழகான முகத்தின் அளவுகோலாக வரையப்பட்ட 'முகமூடி' வரைபடமும் ஐரோப்பிய மாடல் அழகிகளின் முகத்துக்கே பொருந்துகிறது என்ற விமர்சனம் 2008லேயே வந்துவிட்டது.

உயர்நிலைப் பள்ளி அறிவியல் வகுப்பில் கேமரா தூரத்தால் வரும் கோளாறைச் சோதிக்க அரைமணி போதும். ஒரே முகத்தை, அழகூட்டும் வடிகட்டியை அணைத்துவிட்டு, கண் மட்டத்தில், முன்னிருந்து வரும் சீரான வெளிச்சத்தில், 30 செ.மீ. தூரத்திலும் 1.5 மீட்டரிலும் படமெடுக்கச் சொல்லுங்கள். இரு காதுகளும் சமமாகத் தெரிய வேண்டும். பிறகு இரண்டு படங்களிலும் மூக்கின் அகலத்தை முக அகலத்தால் வகுத்து, விடைகளைக் கரும்பலகையில் பக்கத்தில் பக்கத்தில் எழுத வையுங்கள்.

இப்படிக்கு,
வாசகர், ஈசூன்