உன் வீட்டு நாய்க்குட்டிக்குப் பழம்

அன்புள்ள முருகேசா,

உன் கடிதம் வந்தது. பேத்திக்குக் கல்லூரியில் இடம் கிடைத்ததில் இங்கே எல்லோருக்கும் சந்தோஷம். ஆனால் வீட்டில் நாய்க்குட்டி வளர்க்கிறாய் என்று படித்ததும்தான் சிரித்துவிட்டேன். நாயைக் கண்டாலே தெருவின் எதிர்ப்பக்கம் போகிறவனாயிற்றே நீ!

பழம் கொடுக்கலாமா என்று கேட்டிருந்தாய். கொடுக்கலாம். நாய்க்கு இனிப்பு பிடிக்கும், பூனைக்குத்தான் அந்தச் சுவையே தெரியாது. ஆனால் நீ இருப்பது கம்பத்தில், அதனால் திராட்சையைத்தான் முதலில் சொல்லவேண்டும். 2023இல் புவிசார் குறியீடு வாங்கிய பன்னீர் திராட்சை உங்கள் ஊர்ப் பெருமை, சரி. நாய் வாய்க்கு மட்டும் அது போகவே கூடாது. சிறுநீரகம் செயலிழந்துவிடும். ஒரு நாய் நிறையத் தின்றுவிட்டுச் சும்மா இருக்கும், இன்னொன்று கொஞ்சம் தின்றே படுத்துவிடும். அதனால் 'இவ்வளவு கொடுத்தால் பரவாயில்லை' என்று அளவே கிடையாது. உலர்திராட்சையும் அப்படித்தான். பாயசம், கேசரி, சர்க்கரைப் பொங்கல் மீந்தால் குட்டியின் தட்டில் கொட்டிவிடாதே.

காரணம் வெகுகாலம் பிடிபடவில்லை. 2021இல் அமெரிக்கக் கால்நடை மருத்துவர்கள் சிலர், கேக்குக்குப் போடும் கிரீம் ஆஃப் டார்ட்டர் பொடியைத் தின்ற நாய்களுக்கும் இதே மாதிரி சிறுநீரகம் கெடுவதைக் கவனித்தார்கள். இரண்டிலும் பொதுவாக இருப்பது டார்ட்டாரிக் அமிலம். அந்த அமிலம் ஏராளமாக உள்ள இன்னொரு பழம் எது தெரியுமா? நம் புளி! ரசச்சோறு தின்று வளர்ந்த நாய்கள் ஊரெல்லாம் இருக்கின்றன என்பாய். இருக்கட்டும். புளிக்குழம்பும் புளியோதரையும் என் வீட்டு நாய் மணிக்கு இனி இல்லை. அவற்றோடு வெங்காயமும் பூண்டும் வேறு சேர்கின்றன, அவையும் நாய்க்கு ஆகாது.

தப்பித்தவறி திராட்சை தின்றுவிட்டால் வாந்தி வருகிறதா என்று பார்த்துக்கொண்டு உட்காராதே, உடனே டாக்டரிடம் தூக்கிக்கொண்டு ஓடு. ஓரிரு நாள் கழித்துச் சிறுநீர் குறைந்தபின் போனால் காப்பாற்றுவது கஷ்டம்.

மற்றபடி வாழைப்பழம், பப்பாளி, கொய்யா, தர்பூசணி எல்லாம் சின்னத் துண்டாக எப்போதாவது கொடுக்கலாம். தர்பூசணியில் விதையும் தோலும் வேண்டாம். ஆப்பிள் விதையில் சயனைடு உண்டாக்கும் பொருள் இருக்கிறது, நடுப்பகுதியை வெட்டி எறிந்துவிடு. மாம்பழத்தில் சதை மட்டும். கொட்டையை நக்கட்டுமே என்று பேரப்பிள்ளைகள் போட்டுவிடுவார்கள். அது குடலில் அடைத்துக்கொண்டால் ஆபரேஷன்தான். பழம், பிஸ்கட் என்று தின்பண்டமெல்லாம் சேர்த்து அன்றாடச் சாப்பாட்டில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டக்கூடாது என்பது டாக்டர்கள் கணக்கு. சர்க்கரை நோய் உள்ள நாயென்றால் அதுவும் கேட்டுவிட்டுத்தான்.

அப்புறம், குட்டிக்கு என்ன பெயர் வைத்தாய் என்று எழுதவே இல்லையே? அடுத்த மாதம் அந்தப் பக்கம் வருகிறேன், சுருளிக்கும் போகலாம். அருவியில் தண்ணீர் விழுகிறதா என்று மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடு. தங்கச்சிக்கு என் விசாரிப்பு.

அன்புடன்,
சண்முகம்