இஸ்தான்புல்லிலிருந்து திரும்பி வந்து

அன்புள்ள மல்லி,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. முழங்கால் வலி குறைந்திருக்கிறது என்று படித்ததும்தான் நிம்மதி. பிசியோதெரபியைப் பாதியில் விட்டுவிடாதே.

தனியாக இருந்தது பயமாக இருந்ததா என்று கேட்டிருந்தாய். இருந்தது. முதல் நாள் ராத்திரி அறைக் கதவைத் தாழ்ப்பாள் போட்டு, அதற்கு முட்டுக்கொடுத்து நாற்காலியையும் வைத்துவிட்டுத்தான் படுத்தேன். மூன்றாம் நாள் அந்த நாற்காலி ஜன்னலோரம் போய்விட்டது. அதில் உட்கார்ந்து தெருவில் திரியும் பூனைகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த ஊரில் கடைக்குக் கடை ஒரு பூனை. யாரும் விரட்டுவதில்லை.

கிளம்பும்போது சொந்தக்காரர்கள் எல்லோரும் கேட்டது ஒரே கேள்விதான்: "எதுக்குப் போறே?" அவர்களைச் சொல்லியும் குற்றமில்லை. இந்த 57 வயது வரைக்கும் கல்யாணம், காதுகுத்து, ஆஸ்பத்திரி, குலசாமி கோயில் என்று ஏதாவது ஒரு காரியத்துக்காகத்தான் ஊருக்குப் போயிருக்கிறேன். பேங்க்கில் இருந்தபோது ஆடிட்டுக்காகத் தனியாகப் போன ஊர்களிலும் வேலை முடிந்தால் அடுத்த பஸ்தான். பார்க்கணும், அதுக்குத்தான் போறேன் என்று சொல்ல எனக்கே கூச்சமாக இருந்தது.

இரண்டாம் நாள் எமினோனு படகுத்துறையில் தப்பான படகில் ஏறிவிட்டேன். அங்கே துறைகள் வரிசையாக இருக்கும். பயண அட்டையைத் தட்டினால் கதவு திறக்கும், பெயரைப் பார்த்து ஏற வேண்டும். கடிக்கோய் போக நினைத்தவள் உஸ்குதார் படகில் உட்கார்ந்திருக்கிறேன். தெரியாமலேயே சந்தோஷமாகத் தேநீர் வாங்கினேன். இடுப்பு சிறுத்த குட்டிக் கண்ணாடி கிளாஸ், பால் கிடையாது, தட்டில் இரண்டு சர்க்கரைக் கட்டி. சூடு தாங்காது, விளிம்பைத்தான் பிடிக்க முடியும். பக்கத்தில் ஒரு பையன் எள் தூவிய சிமித் ரொட்டியைப் பிய்த்து மேலே வீச, கடற்பறவைகள் பறந்தபடியே கவ்விக்கொண்டு போயின. கால் மணி நேரத்தில் ஐரோப்பாவிலிருந்து ஆசியாவுக்கு வந்துவிட்டேன்.

இறங்கிப் பலகையைப் பார்த்ததும்தான் வயிற்றில் புளியைக் கரைத்தது. போனிலும் சார்ஜ் இல்லை. எதிரே ஒரு மசூதி. சுல்தான் சுலைமானின் மகள் மிஹ்ரிமாவுக்காக சினான் என்ற கட்டடக் கலைஞர் கட்டி 1548-ல் முடித்தது என்று முந்தின நாள்தான் படித்திருந்தேன். அதன் நிழலில் உட்கார்ந்து மூச்சு வாங்கினேன். அப்புறம் தலையில் முக்காடிட்ட ஒரு வயதான அம்மாவிடம் போய் "தெய்ஸே" என்றேன். அங்கே முன்பின் தெரியாத பெண்ணையும் உறவு சொல்லித்தான் கூப்பிடுகிறார்கள். அப்லா என்றால் அக்கா. தெய்ஸே என்றால் அம்மாவின் கூடப்பிறந்தவள். நம் பெரியம்மா, சித்தி இருவருக்கும் அந்த ஒரே சொல்தான். அந்த அம்மா என் கையைப் பிடித்து ரயில் நிலையத்தின் வாசல் வரைக்கும் கொண்டுவந்து விட்டார். எனக்குத் துருக்கி மொழி தெரியாது, அவருக்கு வேறு மொழி தெரியாது. வழியெல்லாம் பேசிக்கொண்டே வந்தோம், மல்லி!

கடலுக்கு அடியில் போகும் ரயில் அது. 2013-ல் திறந்தார்கள். ஐந்து நிமிடத்துக்குள் சிர்கெஜியில், மறுபடி ஐரோப்பாவில் நிற்கிறேன். மறுநாள் வேண்டுமென்றே அதே உஸ்குதார் படகில் ஏறினேன். ஒரு காரியமும் இல்லாமல், இரண்டு முறை போய் வந்தேன்.

ஆயா சோபியாவைப் பற்றி எழுதாமல் முடியாது. 537-ல் கட்டி முடித்த கிறிஸ்தவக் கோயில். 1453-ல் மசூதியாகி, 1935-ல் அருங்காட்சியகமாகி, 2020-ல் மறுபடி மசூதியாகியிருக்கிறது. துப்பட்டாவைத் தலையில் போட்டுக்கொண்டு, கல் பாவிய சரிவுப்பாதையில் மேல்மாடத்துக்கு ஏறினேன். அங்கே, அது கோயிலாக இருந்த காலத்தில் அந்த ஊரை ஆண்ட சோயி பேரரசியின் படம், சின்னச் சின்னச் சில்லு பதித்த சித்திரம். நடுவில் இயேசு, ஒரு பக்கம் கணவன், ஒரு பக்கம் அவள். கிட்டப் போய்ப் பார்த்தால் கணவனின் முகத்தைப் பெயர்த்து மாற்றியிருப்பது தெரிகிறது. பெயரையும் மாற்றியிருக்கிறார்கள். இப்போது இருப்பது மூன்றாவது கணவன். 1042-ல் அவனைக் கட்டியபோது அவளுக்கு 60 வயதைத் தாண்டிவிட்டது. அதே வருஷம் அவளுடைய வளர்ப்பு மகனே அவளை நாடு கடத்த, பொறுக்க மாட்டாமல் ஊரே திரண்டது. பெண்களும் தெருவில் இறங்கினார்கள். அவளைத் திரும்பக் கொண்டுவந்து, தங்கை தியோடோராவோடு சேர்த்து அரியணையில் உட்கார வைத்தார்கள். 1042-ல், மல்லி! நாம் பத்தாம் வகுப்பில் படித்த சரித்திரத்தில் இவளைப் பற்றி ஒரு வரிகூட இல்லையே.

அந்தப் படத்தின் முன்னால் முக்கால் மணி நேரம் நின்றிருப்பேன். "கிளம்பலாமா?" என்று கேட்க ஒருவரும் இல்லை. திரும்பி வந்து இத்தனை நாளாகியும் அந்த முக்கால் மணி நேரம்தான் நினைவில் வந்துகொண்டே இருக்கிறது.

நிலத்தடி நீர்த்தேக்கமும் பார்த்தேன். 336 தூண்கள், ஒன்றின் அடியில் தலைகீழாக ஒரு மெடூசா தலை, கிரேக்கக் கதையில் வரும் பாம்புக் கூந்தல்காரி. ஒரு டாக்ஸிக்காரர் இரட்டிப்புப் பணம் வாங்கிவிட்டார், போகட்டும். சாப்பாட்டுக்குக் கவலையே இல்லை. சிவப்பு மைசூர்ப் பருப்பில் சூப் வைத்து, எலுமிச்சை பிழிந்து குடிக்கிறார்கள். கறிச்சாறு சேர்த்ததா என்று மட்டும் கேட்டுக்கொள்ள வேண்டும்.

சாயங்காலங்கள் மட்டும் கொஞ்சம் கஷ்டம். கலாதா பாலத்தில் தூண்டில் போடுகிறவர்களுக்கு நடுவே நின்று சூரியன் மறைவதைப் பார்க்கும்போது, "அங்கே பாருடி" என்று சொல்ல நீ பக்கத்தில் இல்லையே என்று இருந்தது.

தேநீர் கிளாஸ் இரண்டு வாங்கி, புடவைக்குள் சுற்றிப் பத்திரமாகக் கொண்டுவந்திருக்கிறேன். ஒன்று உனக்கு. ஜனவரியில் வரும்போது எடுத்துக்கொள். வரும்போது உன் பாஸ்போர்ட்டையும் கொண்டு வா, எப்போது காலாவதியாகிறது என்று பார்ப்போம்.

உன்,
ராஜி