முதுமலைக்கும் கொஞ்சம் இடம்

ஆசிரியர் அவர்களுக்கு,

2023 ஆஸ்கர் பரிந்துரைப் பட்டியல் பற்றிய உங்கள் செய்தியைப் படித்தேன். ‘நாட்டு நாட்டு’ பாடலும் மலேசிய நடிகை மிஷெல் இயோவும் முன்னால் நின்றது சரிதான். ஆனால், ஆவணக் குறும்படப் பிரிவில் இடம்பெற்ற ‘தி எலிஃபன்ட் விஸ்பரர்ஸ்’ ஓரிரு வரிகளில் முடிந்துபோனது. முதுமலையில் யானைக்குட்டியை வளர்க்கும் பொம்மன், பெள்ளி தம்பதி அதில் பேசுவது நம் தமிழ்! தெலுங்குப் பாட்டுக்குக் காட்டும் உற்சாகத்தில் பாதியாவது இதற்கு வேண்டாமா?

இங்கே சிங்கப்பூரில், தேக்கா காப்பிக்கடையில் நண்பர்களிடம் கேட்டேன். ஆறு பேரில் ஒருவர்கூடப் பார்த்திருக்கவில்லை. சுமார் 40 நிமிடப் படம்தான். என் அம்மா முடிந்த கையோடு மறுபடியும் போடச் சொன்னார். மார்ச் மாத விழாவுக்கு முன்பாக, பரிந்துரை பெற்ற குறும்படங்களை, என்ன மொழி, எங்கே பார்க்கலாம் என்ற விவரத்துடன் வாரம் ஒன்றாக அறிமுகப்படுத்துங்களேன்.

சினிமா ரசிகர், ஈசூன்